பதினான்கு இடங்களை விடுங்கள், தானா ராத்தாவில் போய் உட்காருங்கள்

கேள்வி:

வணக்கம். நான் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அடுத்த பள்ளி விடுமுறையில் கணவர், பதினோரு வயது மகன், மாமியார், நான் என்று நான்கு பேரும் கேமரன் மலைக்குப் போகலாம் என்றிருக்கிறோம். மூன்று நாள், இரண்டு இரவு. இதற்கு முன் இரண்டு தடவை போனோம், இரண்டு தடவையும் காரிலேயே பொழுது போய்விட்டது, திரும்பி வந்தபோது போனதைவிடக் களைப்பாக இருந்தது. இந்த முறை உண்மையிலேயே ஓய்வு வேண்டும். பார்க்க வேண்டிய பதினான்கு இடங்களை இணையத்தில் தேடிக் குறித்து அனுப்பியிருக்கிறேன். மாமியாருக்கு 68 வயது, முட்டி வலி, வளைவுச் சாலை என்றால் வாந்தி வரும். போன இரண்டு தடவையும் அதனால்தான் அவர் வரவில்லை. சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், தேயிலைத் தோட்டத்தைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை, ஒரு தடவை செடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். கணவருக்குக் குனோங் பிரிஞ்சாங் உச்சியில் சூரிய உதயம் பார்க்க ஆசை. மகனுக்கு ஸ்ட்ராபெரி. எந்த வழியில் போவது, எங்கே தங்குவது, எப்படித் திட்டம் போடுவது?

பதில்:

வணக்கம் டீச்சர். உங்கள் பட்டியலை வரைபடத்தில் ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்த்தேன். பதினான்கில் ஒன்பது இடங்கள் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா வரை போகும் அந்த ஒரே சாலையில் இருக்கின்றன. நீங்கள் இரண்டு தடவை களைத்துத் திரும்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கேமரன் மலையை ஒரு ஊர் என்று நினைத்துக்கொண்டு போகிறோம், ஆனால் அது ஒரு நீளமான சாலையும் அதில் கோத்த மணிகள் மாதிரி இருக்கும் சின்னச் சின்ன ஊர்களும்தான். தெற்கிலிருந்து ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா ஃபார்ம், திரிங்காப், கோலா தெர்லா, கடைசியில் கம்போங் ராஜா. சுற்றிப் போகக் குறுக்கு வழி கிடையாது. பிரிஞ்சாங்கில் ஒருவர் காய்கறிக் கடை முன்னால் காரை ஓரங்கட்டினால் பின்னால் அரை கிலோமீட்டர் நிற்கும். விடுமுறை சனிக்கிழமையில் பிரிஞ்சாங்குக்கும் கியா ஃபார்முக்கும் நடுவே இருக்கும் அந்தச் சில கிலோமீட்டரைத் தாண்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன வாடிக்கையாளர்கள் எனக்கு நிறைய உண்டு.

பத்தொன்பது வருடமாகக் குடும்பங்களுக்கு மலைப் பயணம் ஏற்பாடு செய்து கொடுக்கிறேன். ஆரம்பத்தில் நானும் உங்களை மாதிரிதான், ஒரு நாளைக்கு ஆறு இடம், ஏழு இடம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேன். வாங்கிய காசுக்கு நிறையக் காட்ட வேண்டும் என்ற எண்ணம். பிறகு ஒரு வருடம் ஒரு குடும்பத்தில் இருந்த வயதான அம்மா, எந்த இடம் பிடித்தது என்று கேட்டதற்கு, வேன் பழுதாகி இரண்டு மணி நேரம் தேயிலைச் சரிவு ஓரத்தில் உட்கார்ந்திருந்தோமே, அதுதான் என்று சொன்னார். அன்றிலிருந்து நான் அட்டவணை போடும் விதமே மாறிவிட்டது. உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: மூன்று நாளுக்கு மூன்று இடம் போதும், மீதி நேரம் சும்மா இருங்கள். இதை அரைமனதாகச் செய்தால் பலன் இல்லை, பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

முதலில் எப்போது போவது. நீங்கள் ஆசிரியை, பள்ளி விடுமுறையைத் தவிர்க்க முடியாது, அது புரிகிறது. ஆனால் விடுமுறை வாரத்துக்குள்ளேயே கிழமையைத் தேர்ந்தெடுக்கலாம். வெள்ளி ஏறி ஞாயிறு இறங்குவதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். நீங்கள் திங்கள் காலையில் ஏறிப் புதன்கிழமை இறங்குங்கள். பொது விடுமுறை ஒட்டி வரும் வாரமாக இருந்தால் செவ்வாய் முதல் வியாழன். சாலையில் இருக்கும் வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள், அறை வாடகையும் பெரும்பாலும் குறையும்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமரனில் மழை இல்லாத மாதம் என்று ஒன்று இல்லை, வருடம் முழுக்கப் பெய்யும், ஆனால் அக்டோபர், நவம்பரில் அதிகம், ஏப்ரல், மே மாதங்களிலும் நன்றாகப் பெய்யும். ஜனவரி, பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் ஓரளவு குறைவு. எந்த மாதமாக இருந்தாலும் வழக்கமான போக்கு ஒன்றுதான்: காலை தெளிவாக இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் இறங்கும், இரண்டு மூன்று மணிக்கு மழை பிடிக்கும். அதனால் வெளியே போகும் வேலை எல்லாவற்றையும் காலை ஏழரையிலிருந்து பதினொன்றரைக்குள் முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு அறைக்குத் திரும்பிவிட வேண்டும். மழையை எதிர்த்துக்கொண்டு சுற்றினால் எரிச்சல்தான் மிஞ்சும், ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அதே மழை நன்றாக இருக்கும்.

இனி வழி. இதில்தான் உங்கள் மாமியாரை நினைத்து முடிவெடுக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வந்தால் ஏறுவதற்கு இரண்டு பாதை. ஒன்று தாப்பாவில் வெளியேறி 59ஆம் எண் சாலையில் ரிங்லெட் வழியாகத் தானா ராத்தா போவது. பழைய பாதை, வெள்ளைக்காரன் காலத்தில் மலையின் வளைவுக்குத் தகுந்தபடி வெட்டியது, குறுகல், விடாமல் வளைந்துகொண்டே இருக்கும், ஒரு வளைவில் வயிறு நிதானத்துக்கு வருவதற்குள் அடுத்தது வந்துவிடும். இன்னொன்று நெடுஞ்சாலையிலேயே இன்னும் மேலே போய், ஈப்போவுக்குக் கொஞ்சம் முன்னால் சிம்பாங் பூலாயில் வெளியேறி 185ஆம் எண் சாலையில் கம்போங் ராஜாவுக்கு ஏறுவது. அது பிற்பாடு போட்ட சாலை, அகலம், வளைவுகள் நீளமாகவும் மெதுவாகவும் இருக்கும். தூரம் கூடுதல். இன்னொரு கஷ்டம், அந்தப் பக்கமாக வந்தால் மலையின் வடக்கு முனையில் நுழைகிறீர்கள், தானா ராத்தாவுக்கு வர அந்த நெரிசல் சாலை முழுவதையும் கடக்க வேண்டும்.

வார இறுதியாக இருந்திருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கியிருப்பேன். திங்கட்கிழமை என்பதால் தயக்கமில்லை, சிம்பாங் பூலாய் வழியாகவே ஏறுங்கள். காலை ஆறரைக்குள் வீட்டை விட்டுக் கிளம்பினால் நடுவில் இரண்டு இடத்தில் நின்று இளைப்பாறினாலும் மதியத்துக்குள் வந்துவிடலாம். இருட்டிய பிறகு இரண்டு பாதையிலும் ஏற வேண்டாம், இறங்கவும் வேண்டாம். மூடுபனி இறங்கினால் பத்தடி தெரியாது, பெருமழைக்குப் பிறகு மண் சரிவதும் உண்டு. கிளம்புகிற அன்று காலை சாலை நிலவரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வாந்தி வருவதற்குக் காரணம், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடம்பு அசைகிறது என்கிறது, கண் காருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் அசையவில்லை என்கிறது, மூளை குழம்புகிறது. அதனால் மாமியாரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள், தூரத்தில் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் பின்னால் மகனுடன் உட்காருங்கள். வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ச் சாப்பாடும் வேண்டாம், இரண்டு இட்லியோ ரொட்டியோ போதும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், காருக்குள் தொங்கவிடும் வாசனைப் பொருள் இருந்தால் கழற்றிவிடுங்கள், பலருக்கு அதுவே குமட்டும். பயண மாத்திரை எடுப்பதாக இருந்தால் மலை ஏறத் தொடங்குவதற்கு அரை மணி, ஒரு மணி முன்னால் எடுக்க வேண்டும், வாந்தி வந்த பிறகு எடுத்துப் பயனில்லை. அந்த வயதில் ரத்த அழுத்தம், சர்க்கரை என்று வேறு மருந்தும் எடுப்பார்கள், ஆகவே மருந்தகத்தில் அதையெல்லாம் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், சில மாத்திரைகள் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும், முட்டி வலி உள்ளவருக்குத் தள்ளாட்டம் ஆபத்து. ஓட்டுவது கணவர் என்றால், வேகம் முக்கியமில்லை, வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு ஒரே சீராகத் திருப்பினால் பின்னால் இருப்பவர்களுக்குப் பாதி வேதனை குறையும் என்று சொல்லுங்கள். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும்.

உயரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர், உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். காது அடைக்கும், எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும். ஆனால் குளிர் உண்மையானது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி அளவுக்கு வெப்பம் குறையும், கீழே 33 டிகிரியில் கிளம்பினால் மேலே பகலில் 23, 24, இரவில் 15, 16. வயதானவர்களுக்கு முட்டியில் அந்தக் குளிர் நன்றாகத் தெரியும், அத்தைக்கு ஒரு கம்பளிக் காலுறையும் முட்டிக்குச் சுற்ற ஒரு சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு இளைப்பு, ஆஸ்துமா ஏதாவது இருந்தால் மருந்தை மறக்காதீர்கள், குளிர்க் காற்றில் சில பிள்ளைகளுக்குத் தூண்டிவிடும்.

தங்குவது தானா ராத்தாவில்தான், இரண்டு இரவும் ஒரே அறையில். பிரிஞ்சாங்கில் ஹோட்டல்கள் அதிகம், கடைகள் அதிகம், ஆனால் சத்தமும் அதிகம். தானா ராத்தா என்றாலே மலாயில் சமதரை என்று பொருள், அந்தப் பெயர் உங்கள் மாமியாருக்கு நல்ல செய்தி. கடைத்தெரு சமமாக இருக்கும், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாக நடந்துவிடலாம், சாப்பாட்டுக் கடைகள், மருந்தகம் எல்லாம் பக்கத்தில், அரசு மருத்துவமனையும் அந்த ஊரிலேயே இருக்கிறது. வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கும், ரொட்டி சானாயும் கிடைக்கும், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்க வேண்டியிருக்காது. ஒரு இரவு சுடச்சுட ஸ்டீம்போட் (மேசையிலேயே கொதிக்கும் சூப்பில் காய்கறி, மீன், இறைச்சியைப் போட்டு வேகவைத்துச் சாப்பிடுவது) சாப்பிடுங்கள், அந்தக் குளிரில் அது பொருத்தமாக இருக்கும்.

அறை பதிவு செய்யும்போது படத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், தொலைபேசியில் கூப்பிட்டுச் சில கேள்விகள் கேளுங்கள். தரைத்தளத்தில் அறை இருக்கிறதா, இல்லாவிட்டால் லிஃப்ட் இருக்கிறதா? (மலையோரக் கட்டடங்களில் வரவேற்பறையே மூன்றாம் மாடியில் இருக்கும், அறைக்குக் கீழே இறங்க வேண்டும், இது நிறையப் பேருக்குத் தெரியாது.) வெந்நீர் நாள் முழுக்க வருமா? கழிப்பறை உட்காரும் வகையா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? கூடுதல் போர்வை தருவார்களா? குளிர்சாதனம் இருக்காது, தேவையும் இல்லை. ஈர வாடை பல அறைகளில் இருக்கும், அது அந்த மலையின் இயல்பு, சாவி வாங்குவதற்கு முன் அறைக்குள் போய் ஒரு தடவை மூச்சை இழுத்துப் பாருங்கள், சுவரில் பூஞ்சை வாடை தூக்கலாக இருந்தால் வேறு அறை கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. எல்லாவற்றுக்கும் மேல், பால்கனியோ பெரிய ஜன்னலோ இருக்கும் அறையாகப் பாருங்கள், ஏனென்றால் உங்கள் மதியங்கள் அங்கேதான் கழியப்போகின்றன.

சரி, தேயிலைக்கு வருகிறேன். இந்தப் பயணத்தில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

இந்த மலையில் முதல் பெரிய தேயிலைத் தோட்டம் போட்டது 1929இல் தொடங்கிய போ (BOH) என்ற தேயிலை நிறுவனம், ஹாபு பக்கம். அவர்களுடைய சுங்கை பாலாஸ் தோட்டம் பிரிஞ்சாங்குக்கு மேலே இருக்கிறது. சரிவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நீளமான மேடையும் அங்கே தேநீர்க் கடையும் உண்டு, ஆலையையும் பார்க்கலாம். வழக்கமாகத் திங்கட்கிழமை மூடியிருப்பார்கள், பள்ளி விடுமுறையில் மாறலாம், அதனால் செவ்வாய்க்கிழமை காலைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். போகும் சாலை ஒற்றைக் காரின் அகலம்தான், எதிரில் வண்டி வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும், திறக்கும் நேரத்துக்கே போய்விட்டால் அந்தத் தொல்லை இருக்காது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்சம் நடையும் படிகளும் இருக்கும், அத்தையை அவசரப்படுத்தாதீர்கள்.

படி ஏறவே முடியாது என்றால் விட்டுவிடுங்கள், வேறு வழி இருக்கிறது. ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும் நடுவில் பிரதான சாலையை ஒட்டியே கேமரன் வேலி தேநீர்க் கடை இருக்கிறது, காரை விட்டு இறங்கினால் கண்ணுக்கு முன்னால் பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலை. காட்சிக்கு அது எந்த விதத்திலும் குறைவில்லை.

உங்கள் மாமியார் செடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றாரே, நடைபாதை ஓரத்துச் செடியைத் தாராளமாகத் தொடலாம், வரிசைக்குள் இறங்கவோ பறிக்கவோ வேண்டாம். அவரிடம் இதையெல்லாம் சொல்லுங்கள், பால்மரம் சீவியவருக்கு இது சட்டென்று விளங்கும்: இடுப்பளவு நிற்கும் அந்தப் புதரை விட்டுவிட்டால் மரமாக வளர்ந்துவிடும், சில வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிக் குறைத்துத்தான் அந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள். போகும்போது ஒரு பகுதி முழுக்க வெறும் குச்சியாக நின்றால் செடி பட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், கவ்வாத்து வெட்டிய இடம் அது, மறுபடி துளிர்க்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த கொழுந்துதான் நல்ல தேயிலைக்கு எடுப்பது. குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால்தான் மலைத் தேயிலைக்கு மணம் அதிகம். பனிக்காலம் இல்லாத நாடு என்பதால் வருடம் முழுக்கப் பறிப்பு உண்டு.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதுகில் கூடை கட்டிய பெண்கள் விரலால் கிள்ளிப் போடும் காட்சியை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். சமமான இடங்களில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நடக்கும் இயந்திரம், செங்குத்தான சரிவுகளில் பை வைத்த கத்தரி, இப்படித்தான் இப்போது எடுக்கிறார்கள். ஆரம்ப காலத்தில் அந்தச் சரிவுகளில் காடு வெட்டியதிலும் கொழுந்து எடுத்ததிலும் நம் ஆட்கள்தான் பெரும்பங்கு, இன்றைக்கு வேலை செய்பவர்கள் அதிகமும் வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளத்திலிருந்து வந்தவர்கள். ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்த ஒருவர் அந்தச் சரிவைப் பார்க்கும்போது அவருக்குள் என்னென்ன வரும் என்று நமக்குத் தெரியாது. பேசினால் கேளுங்கள். உங்கள் மகனும் கேட்கட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் படம் எடுப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

ஆலைக்குள் நின்று பார்க்க முடிந்தால் மகனுக்கு அது பிடிக்கும். பறித்த இலையைப் பல மணி நேரம் காற்றில் வாட விடுவார்கள், பிறகு உருளையில் போட்டுக் கசக்குவார்கள், கசங்கிய இலை காற்றுப் பட்டுப் பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும், அப்புறம் சூடான காற்றில் உலர்த்தித் தரம் பிரிப்பார்கள். கிட்டத்தட்ட ஐந்து கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள். அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் வரும் வாசனை, தேநீர் வாசனையும் இல்லை, புல் வாசனையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று, அதை வர்ணித்துச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

கணவரின் சூரிய உதயம். குனோங் பிரிஞ்சாங் 2,031 மீட்டர், உச்சிக்குப் பக்கம் வரை சாலை போகிறது, ஆனால் கடைசிப் பகுதி செங்குத்து, குறுகல், குண்டும் குழியும். உங்கள் குடும்பக் காரில் இருட்டில் அதில் ஏறுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேமரனில் பழைய லேண்ட் ரோவர்கள் நிறைய ஓடுகின்றன, உள்ளூர் ஓட்டுநரோடு ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டு அவரும் மகனும் மட்டும் போய் வரட்டும், நீங்களும் அத்தையும் தூங்குங்கள். எல்லாரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தேதான் போக வேண்டும் என்று ஒன்றுமில்லை, குடும்பப் பயணங்கள் கெடுவதற்கு அந்த நினைப்பும் ஒரு காரணம். நம் நாட்டில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும், ஐந்தரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். மேகம் மூடி ஒன்றும் தெரியாமல் போகலாம், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படிப் போனாலும் அந்த உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் பாசிக் காடு இருக்கிறது, மூடுபனியில்தான் அது இன்னும் அழகு, மரத்தின் தண்டெல்லாம் தலையணை மாதிரி பாசி, கிளைகளில் குடுவைச் செடி. மரப்பாலம் பராமரிப்புக்காக மூடப்படுவது உண்டு, முந்தின நாள் ஓட்டுநரிடம் விசாரித்துவிட வேண்டும்.

தானா ராத்தாவைச் சுற்றிக் காட்டுப் பாதைகள் உண்டு, எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ராபின்சன் அருவி, பாரிட் அருவிப் பக்கம் போகும் பாதைகள் ஊருக்கு அருகில். பாரிட் அருவி குளிக்கிற மாதிரி இல்லை, குப்பையும் கலங்கலுமாக இருக்கும், நடைக்காகப் போகலாம். மற்றப் பாதைகளில் வழிகாட்டி இல்லாமல் யாரும் தனியாகப் போக வேண்டாம், சொல்லாமலும் போக வேண்டாம். தாய்லாந்துப் பட்டுத் துணியை உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26 அன்று தானா ராத்தா பக்கத்துப் பங்களா ஒன்றிலிருந்து மதியம் நடக்கப் போனவர், ராணுவமும் போலீசும் பூர்வகுடி மக்களும் சேர்ந்து நாட்கணக்கில் தேடியும் இன்று வரை கிடைக்கவில்லை. என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் மகனுக்கு இந்தக் கதையைச் சொல்லி வைத்தால் பாதையை விட்டு விலக மாட்டான்.

ஸ்ட்ராபெரி ஒரு பண்ணை போதும், எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பறித்ததை எடை போட்டுக் காசு வாங்குவார்கள், மலிவாக இருக்காது, கொஞ்சம் புளிக்கும், பையனுக்குச் சந்தோஷம். பட்டியலில் இருக்கும் கள்ளிச்செடி தோட்டம், வண்ணத்துப்பூச்சி, தேனீப் பண்ணை, லாவண்டர் எல்லாவற்றையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள். இரவுச் சந்தை வார இறுதியில் விமரிசையாக இருக்கும், நீங்கள் வார நாளில் போவதால் விடுமுறைக் காலத்தில் போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டாலும் இழப்பில்லை. அத்தைக்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் பிரிஞ்சாங்கில் முருகன் கோயில் இருக்கிறது, சுங்கை பாலாஸிலிருந்து இறங்கும் வழியில் நின்று கும்பிட்டுவிட்டு வரலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்போங் ராஜா பக்கமாக ஏறி வரும்போது முதலில் கண்ணில் படுவது தேயிலை இல்லை, மலைச்சரிவு முழுக்க வெள்ளையும் சாம்பலுமாகப் பிளாஸ்டிக் கூரை, காய்கறியும் பூவும் வளர்க்கும் கூடாரங்கள். அங்கே காடு அழிந்த அளவைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது, மண் கரைந்து ரிங்லெட் ஏரியில் வண்டலாகச் சேர்வதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அத்தையிடம் இது முதல் அரை மணி நேரம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வையுங்கள், படத்தில் பார்த்த பச்சை பின்னால் வருகிறது.

ஆக மொத்தம் உங்கள் மூன்று நாள் இவ்வளவுதான். திங்கள்: ஏறுங்கள், சாப்பிட்டுத் தூங்குங்கள், மாலை கடைத்தெருவில் ஒரு சின்ன நடை. செவ்வாய்: காலையில் தேயிலை, மதியம் மழையோடு அறை, மாலையில் விருப்பமிருந்தால் கோல்ஃப் மைதானம் பக்கத்தில் இருக்கும் 1937ஆம் ஆண்டுக் காலத்து ஸ்மோக்ஹவுஸ் தோட்டத்தில் ஸ்கோனும் ஜாமும் தேநீரும். புதன்: அப்பாவும் பிள்ளையும் விடிகாலை உச்சிக்கு, திரும்பி வந்ததும் குளித்துச் சாப்பிட்டு, வழியில் ஸ்ட்ராபெரி, பத்தரைக்கெல்லாம் மறுபடி சிம்பாங் பூலாய் பக்கமாகவே இறங்குங்கள். விடிகாலையில் எழுந்த கணவர் களைப்பாக இருந்தால் நீங்கள் ஓட்டுங்கள். தாப்பா வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி இருக்கிறது, ஓராங் அஸ்லி என்ற பூர்வகுடி மக்கள் சாலையோரம் பெத்தாய்க் காயும் காட்டுப் பொருட்களும் விற்பார்கள், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அத்தை காரில் இருக்கும்போது அந்த வளைவுகள் வேண்டாம்.

எந்த மாத விடுமுறை என்று நீங்கள் எழுதவில்லை. ஆண்டிறுதி விடுமுறை என்றால் அறையை இன்றைக்கே பதிவு செய்யுங்கள், தரைத்தள அறைகள் எந்த ஹோட்டலிலும் சிலதான் இருக்கும், அவைதான் முதலில் போகும். மாதத்தையும் பார்த்து வைத்திருக்கும் அறையையும் எழுதி அனுப்பினால், படி எவ்வளவு, வண்டி எங்கே நிற்கும் என்று நான் விசாரித்துச் சொல்கிறேன்.